ஒரு பருக்கைகூட ஆகாது

என் மகளுக்குச் சோறு போடாதவள் என்று அடி அண்ணாமலையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பெயரோடுதான் நான் நடமாடினேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, முன்பின் தெரியாதவர்கூட ஒரு தொன்னை சாம்பார் சாதத்தைக் கையில் திணித்துவிட்டுப் போகிற பாதை எங்களுடையது. அந்தப் பாதையோரத்தில் வீடும், வீட்டுக்கு முன்னால் கடையும் வைத்திருக்கிற குடும்பத்துப் பெண், தான் பெற்ற பிள்ளைக்கு ஒரு பருக்கைகூடக் கொடுப்பதில்லை என்றால் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். ஆரம்பத்தில் நின்று நிதானமாக விளக்கம் சொன்னேன். பிறகு சுருக்கமாகச் சொன்னேன். கடைசியில், "ஆமாங்க, போடறதில்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினேன்.

நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் உதவியாளர். கணவர் கடையைப் பார்த்துக்கொண்டார். கிரிவலம் வருகிறவர்களுக்குச் சோடா, பிஸ்கட், கடலை மிட்டாய், கற்பூரம், ஓரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்டவர். கடையில் பாதி வேலை அவருடையது. வீட்டில் முக்கால்வாசி அதிகாரம் அவருடையது. எங்களுக்கு ஒரே மகள்.

அவளுக்கு நாலு வயதில் ஆரம்பித்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தலை திடீரென்று முன்னால் விழும். தட்டில் முகம் மோதும். அடுத்த நொடி நிமிர்ந்து, நெற்றியில் சோறு ஒட்டியிருக்க, என்ன நடந்தது என்று தெரியாமல் எங்களைப் பார்ப்பாள். ஏதோ விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தோம். சில வாரங்களில், நின்றுகொண்டிருந்தவள் நின்ற இடத்திலேயே மடங்கி விழ ஆரம்பித்தாள். முகவாயில் போட்ட தையல் ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி அடி. கை கால் வெட்டி இழுக்கிற பெரிய வலிப்பும் இடையிடையே வந்தது.

ஊர் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அது போதாமல் சென்னைக்குப் போனோம். அங்கே இரண்டாவதைச் சேர்த்தார்கள், பிறகு மூன்றாவதை. ஒவ்வொரு மருந்தும் கொஞ்ச நாள் வேலை செய்வது போல இருக்கும். நாங்கள் நம்ப ஆரம்பிக்கிற நேரமாகப் பார்த்துக் கைவிடும். வலிப்பு நிற்கவில்லை. நின்று போனது அவளுடைய பேச்சுதான். எப்போது பார்த்தாலும் தூக்கக் கலக்கம். எழுதப் பழகியிருந்த எழுத்தெல்லாம் மறந்து போயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

யோசனை சொல்கிறவர்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. கையில் சாவிக்கொத்தைக் கொடு என்றார்கள். செருப்பை முகரக் கொடு என்றார்கள். எங்கள் செக்‌ஷன் சூப்பரிண்டெண்ட், லீவு கேட்டுப் போனால் லீவைத் தவிர மற்ற எல்லாம் கொடுப்பார்: மூலிகைக்காரர் விலாசம், மந்திரிக்கிறவர் விலாசம், அவருடைய மச்சான் குணமான கதை. மச்சானுக்கு வந்தது வலிப்பே இல்லை, தலைசுற்றல்.

மகளுக்கு ஆறு வயது முடிந்தபோது சென்னை டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். இனி நாலாவது மருந்தைச் சேர்ப்பதில் பெரிய பலன் இருக்கும் என்று தோன்றவில்லை, சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

"சாப்பாடுன்னா பத்தியமாங்க?" என்றார் என் கணவர்.

"பத்தியம் மாதிரி இல்லீங்க. இது மருந்து மாதிரி. சோறு, இட்லி, சர்க்கரை, பழம் எல்லாத்தையும் நிறுத்திட்டு, நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய்னு கொழுப்பாவே குடுக்கணும். உடம்பு சர்க்கரைய எரிக்கறத விட்டுட்டுக் கொழுப்ப எரிக்க ஆரம்பிக்கும். அப்ப சில குழந்தைங்களுக்கு வலிப்பு நல்லா குறையுது."

"எப்படிக் குறையுது?" என்று நான் கேட்டேன்.

"முழுசா எங்களுக்கும் தெரியாதும்மா. எல்லாருக்கும் கேக்கும்னும் சொல்ல மாட்டேன். மூணு மாசம் பாப்போம். பலன் இல்லன்னா நிறுத்திடலாம். ஆனா ஒண்ணு, பாதி செஞ்சு பிரயோஜனம் இல்ல. ஒரு பருக்கைகூட ஆகாது."

இதுவரை பார்த்த டாக்டர்களில் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே எனக்கு அவரிடம் நம்பிக்கை வந்தது. என் கணவர் வெளியே வந்ததும், "ஊர்ல எல்லாம் கொழுப்பக் கம்மி பண்ணுன்றாங்க, இந்தம்மா ஜாஸ்தி பண்ணுன்றாங்க" என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் தங்க வைத்துத்தான் தொடங்கினார்கள். முதல் சில நாட்கள் வாந்தி எடுத்தாள், சுருண்டு படுத்தாள், சோறு கேட்டு அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தன் பிள்ளைக்குப் பருப்பு சாதம் பிசைந்து ஊட்டும்போது, நான் திரைச்சீலையை இழுத்து விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருநாள், சிறுநீரில் தோய்த்த சின்னக் குச்சியின் நுனி ஊதா நிறத்துக்கு மாறியது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நர்ஸ், "நல்லா டார்க்கா வந்திருக்கு பாருங்க" என்று காட்டினார். ஒரு குச்சியின் நிறத்தைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று இருந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது, உணவு ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண் வந்து சாப்பாட்டு அட்டவணை ஒன்றைக் கொடுத்தாள். வெளிநாட்டிலிருந்து வந்ததை அப்படியே ஜெராக்ஸ் எடுத்தது. காலையில் இந்த சீஸ், மதியம் அந்த கிரீம், சாயங்காலம் ஆலிவ் எண்ணெயில் ஏதோ ஒரு மீன். "இதெல்லாம் திருவண்ணாமலைல எங்கம்மா கிடைக்கும்?" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க ஊர்ல ஃபாரினர்ஸ் நிறைய இருக்காங்களே ஆன்ட்டி" என்றாள்.

கோபம் வந்தாலும், சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அடுத்த வாரம் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருந்த காபிக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். "சீஸா? இன்னாத்துக்குங்க, வெள்ளக்காரங்களுக்கு ரூம் விட்டிருக்கீங்களா?" என்று கேட்டார் ஒரு கடைக்காரர். மகளுக்கு என்றேன். "கொழந்தைக்கு எதுக்குங்க சீஸ், ஒரு பன் பட்டர் ஜாம் குடுங்க, நல்லா சாப்புடும்" என்றார். அங்கே காவி உடுத்தி உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, நான் ஏதோ கஷ்டத்தில் இருக்கிறேன் என்பதை மட்டும் புரிந்துகொண்டு, என் கையைப் பிடித்து, மூச்சை இழுத்து விடும்படி ஜாடை காட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் மூச்சை இழுத்து விட்டேன். கை விடுபட வேண்டுமே.

கடைசியில் அந்த ஜெராக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, டாக்டரம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டு, எங்கள் ஊர்ப் பொருளை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டோம். முட்டை, கோழி, கெட்டித் தேங்காய்ப் பால், வெண்ணெய், கொஞ்சம் கீரை, கொஞ்சம் வெள்ளரிக்காய். எல்லாவற்றின் மேலும் தேங்காய் எண்ணெய். கடைத் தராசில் ஐம்பது கிராமுக்குக் கீழே படிக்கல் கிடையாது. கிராம் கிராமாக நிறுக்க சென்னையிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தோம். எறும்பு ஏறினால்கூட எண் மாறும் என்று கணவர் பெருமைப்பட்டார். எங்கள் சமையலறையில் எறும்புக்குக் குறைவா என்ன? ஏறத்தான் செய்தது.

அந்த முட்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எண்ணெயில் பொரித்ததல்ல, எண்ணெயில் மிதந்தது. அதை முழுக்கச் சாப்பிட வேண்டும். தட்டில் மிஞ்சுகிற எண்ணெயும் மருந்துக் கணக்கில் சேர்ந்ததுதான், அதை வெள்ளரித் துண்டால் வழித்து வழித்து ஊட்ட வேண்டும். காலையில் நான் வேலைக்குக் கிளம்புவதற்குள் இந்த வழித்தல் முடியாது. ஒருபக்கம் அவள் வாயை மூடிக்கொள்வாள், இன்னொருபக்கம் ரோட்டில் பஸ்காரன் ஹாரன் அடிப்பான், நடுவில் நான் புடவையெல்லாம் எண்ணெயோடு நிற்பேன்.

அதோடு முடிந்ததா? இருமல் மருந்தில் சர்க்கரை. சத்து டானிக்கில் சர்க்கரை. இனிப்புப் பற்பசைகூட ஆகாது. பள்ளிக்கூடத்தில் எவனுக்காவது பிறந்தநாள் என்றால் சாக்லேட். பௌர்ணமி என்றால் வாசலில் சுண்டல். எங்கள் கடையிலோ, கண்ணாடி ஜாடி ஜாடியாக மிட்டாய். கணவர் அவற்றை அவள் கைக்கு எட்டாத மேல்தட்டுக்கு மாற்றினார். வாங்க வருகிற பிள்ளைகள் கண்ணில் மிட்டாய் படாமல் வியாபாரம் படுத்தது. பிறகு பாதியைக் கீழே இறக்கினார்.

எல்லோருக்கும் தெரிந்த பத்தியம் சர்க்கரை வியாதிப் பத்தியம் ஒன்றுதான். அதுதான் என் தலைவிதி.

"சுகரா? அப்போ சப்பாத்தி குடுக்கலாமே?"

"சுகர் இல்லீங்க."

"சக்கரதான ஆகாது, வெல்லம் குடேன். கருப்பட்டி உடம்புக்கு நல்லது."

"அதுவும் ஆகாதுங்க."

"கேவுரு கூழு?"

"ஆகாது."

"வாழப்பழங்கூடவா? அய்ய, பழம் சாப்ட்டு யாரும் செத்துப் போனதா நான் கேள்விப்படல."

இந்தப் பேச்சை வாரத்துக்கு எத்தனை முறை பேசினேனோ. ஆளுக்கு ஆள் கேள்வியின் வரிசைகூட மாறாது.

வீட்டுக்குள் நாத்தனார் இருந்தார். அவருக்குச் சோறு இல்லாத சாப்பாடு என்பதே புரியவில்லை. அதைவிட, கிரிவலப் பாதையில் இருந்துகொண்டு பௌர்ணமியன்றும் முட்டை பொரிக்கிறேன் என்பது பெரிய குற்றமாக இருந்தது.

"நாடே சுத்தபத்தமா மலைய சுத்துது, நீ உள்ள ஒக்காந்து முட்டைய ஒடைக்கிற."

"மருந்து அண்ணி."

"மருந்துன்னா மாத்திரையா குடுக்க மாட்டாங்களா?"

பின்கட்டில் தனியாக ஒரு பம்ப் ஸ்டவ் வைத்துக்கொண்டேன். அதற்கும் முறைத்தார். மகள் சோறு கேட்டு அழும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "பெத்தவளுக்கே எரக்கம் இல்ல" என்பார். சுவர் ஒன்றும் பதில் சொல்லாது. நானும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆனால் இரண்டாவது மாதத்தில் தலை விழுவது குறைந்தது. முதலில் நான் நம்பவில்லை. மருந்துகள் எங்களை ஏமாற்றியது ஞாபகம் இருந்தது. பிறகு ஒரு முழு வாரம் அவள் விழாமல் இருந்தாள். மூன்று மருந்தில் ஒன்றை டாக்டரம்மா மெதுவாகக் குறைத்து நிறுத்தினார். தூக்கக் கலக்கம் விலகியது. ஒருநாள் காலை, மிதக்கும் முட்டையை முன்னால் வைத்ததும், இரண்டு வருஷமாக ஒழுங்காக ஒரு வாக்கியம் பேசாத என் மகள் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"நீ மட்டும் இட்லி சாப்புடற, எனக்கு மட்டும் எண்ணெயா? நீ சாப்புடு இத."

நான் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை எதிர்த்துப் பேசுகிறாள். அர்த்தத்தோடு, கோபத்தோடு பேசுகிறாள். அழுகையும் வந்தது, பஸ் ஹாரனும் வந்தது. "சாப்புடுடி, நேரமாகுது" என்று அதட்டிவிட்டு எண்ணெயை வழிக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து தினமும் சண்டைதான். குணமாகிற பிள்ளை எவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று ஆபீசில் எனக்கும் டியூட்டி போட்டார்கள். தீபம் என்றால் கலெக்டர் ஆபீசே ரோட்டுக்கு வந்துவிடும். மகளுக்கு உடம்பு சரியில்லை, விலக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். "எல்லாருக்கும்தாம்மா வீட்ல கஷ்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டார் சூப்பரிண்டெண்ட். ஆபீசுக்குப் பக்கத்திலேயே தகவல் மையம் ஒன்றில் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். காலையிலேயே மூன்று வேளைச் சாப்பாட்டையும் நிறுத்துச் செய்து, டப்பாக்களில் போட்டு, எது எப்போது என்று கணவரிடமும் நாத்தனாரிடமும் சொல்லிவிட்டுப் போனேன்.

மாலையில், தீபம் ஏற்ற இன்னும் நேரம் இருந்தபோது, எனக்குப் போன் வந்தது. போனில் நாத்தனார். கடையிலேயே பூத் இருந்தும் அதுவரை அவர் போனைத் தொட்டதில்லை. யாரோ நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"கொழந்த வுழுந்துடுச்சு. பெரிசா இழுக்குது. நிக்கல. நீ வா."

"அவரு எங்க?"

"ஐஸு எடுத்தாரப் போனான். வரல. நீ வா."

சூப்பரிண்டெண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்க நிற்கவில்லை. அன்றைக்கு ரோட்டில் வண்டி எதுவும் கிடையாது. எங்கள் ஊருக்குக் குறுக்கு வழி, குபேர லிங்கம் பக்கமாகப் போவது. அதாவது, மலையைச் சுற்றி வருகிற மொத்தக் கூட்டத்துக்கும் எதிர்த் திசை. எல்லோரும் வலம் வர, நான் ஒருத்தி இடமாக ஓடினேன்.

"ஏம்மா, எந்தப் பக்கம் போற? திரும்பும்மா!"

"படிச்ச பொம்பள மாரி இருக்க, மலைய இடமா சுத்தறியே!"

"பாவம்மா அது, பாவம்!"

ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து நல்ல மனதோடு திருப்பியே விட்டார். அவர் கையைத் தட்டிவிட்டேன். இன்னொருவர் என் கையில் ஒரு தொன்னையைத் திணித்தார். சர்க்கரைப் பொங்கல். அதைக் கீழே போடவும் முடியாமல், பிடித்துக்கொண்டு ஓடவும் முடியாமல், எதிரே வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தபோது மலை உச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்கள். சுற்றிலும் அரோகரா என்ற சத்தம். எல்லோரும் கையைத் தூக்கி நின்றுவிட்டதால் அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு வழி கிடைத்தது.

கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனேன். இழுப்பு நின்றிருந்தது. மகள் நாத்தனார் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. நாத்தனாரின் புடவை முழுக்க வாந்தி. சாவிக்கொத்தோடு வந்த கூட்டத்தையெல்லாம் தள்ளிவிட்டு, நான் எப்போதோ சொல்லியிருந்தபடி பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்.

"நான்தான் குடுத்தேன். வேற யாரையும் கேக்காத."

"என்னத்தக் குடுத்தீங்க?"

"பொங்கலு. சாமி பிரசாதமாச்சே, அதுல இன்னா கெடுதல் வரப்போகுதுன்னு நெனச்சேன். மூணு வாய் சாப்ட்டுது. இன்னும் குடு அத்தைன்னு சிரிச்சுது. இன்னும் கொஞ்சம் குடுத்தேன்."

நான் கத்தினேன். மாதக் கணக்கில் பல்லைக் கடித்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. முட்டை, ஸ்டவ், சுவர், இரக்கம் இல்லாத தாய், எல்லாம். வெளியே அரோகரா சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எப்போதும் திருப்பிப் பேசுகிறவர் பேசாமல் இருந்ததே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, மகளின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்த ஊதாக் கலர் காட்ற குச்சி எங்க வெச்சிருக்க? அது மறுபடி எப்ப ஊதா ஆவும்?"

ஊதா ஆவதற்குச் சில நாட்கள் ஆயிற்று. அந்த நாட்களில் அவள் அடிக்கடி விழுந்தாள். ஒவ்வொரு முறை விழும்போதும் நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல்தான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது, வேறு எதனாலும் வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். நாத்தனாரிடம் அதைச் சொன்னேன். அவர் கேட்கத் தயாராக இல்லை. இனி தன் கண்ணுக்குத் தப்பி ஒரு பருக்கை உள்ளே போகக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார். அங்கேதான் என்னுடைய அடுத்த கஷ்டம் ஆரம்பமாயிற்று.

மகளுக்கு வலிப்பு என்பதை, அவள் விழுவதைக் கண்ணால் பார்த்தவர்களையும் ஆபீசையும் தவிர, ஊரில் அதுவரை நான் மறைத்துத்தான் வைத்திருந்தேன். ஏன் சோறு போடுவதில்லை என்று கேட்டவர்களிடம் வயிற்றுக் கோளாறு, அலர்ஜி என்று ஏதேதோ சொல்லியிருந்தேன். அடுத்த பௌர்ணமிக்கு நாத்தனார் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, தொன்னையோடு கிட்டே வந்தவர்களையெல்லாம் விரட்டினார்.

"கைய எடுங்க! எங்க கொழந்தைக்கு வலிப்பு. சோறு குடுத்தா வுழுந்துடும். புண்ணியம் வேணும்னா அந்தாண்ட போய்க் குடுங்க!"

ரோடு முழுக்கக் கேட்டது. நான் அவரை உள்ளே இழுத்து வந்தேன்.

"என்ன அண்ணி இது? ஊருக்கெல்லாம் தெரியணுமா? நாளைக்கு அவளக் கட்டிக் குடுக்கணுமா வேணாமா?"

"கட்டிக் குடுக்கறதுக்கு மொதல்ல அது உசுரோட இருக்கணுமில்ல? நீ அலர்ஜின்னு சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். வலிப்புன்னு சொன்னாதான் பயந்துகினு கைய எடுக்கறான்."

அவர் சொன்னதுதான் நடந்தது. பயந்துகொண்டு கையை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் போனார். தலைமையாசிரியை முன்னால் நின்று, சாக்லேட் கொடுத்தால் நடப்பதை இவரே தரையில் படுத்து நடித்துக் காட்டினாராம். அதற்குப் பிறகு பள்ளியில் சாக்லேட் பிரச்சினை தீர்ந்தது. நான் அந்த அம்மாவை ரோட்டில் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. சளிக்குச் சிரப் எழுதிக் கொடுத்த ஊர் டாக்டரிடம், "மாத்திரையா எழுதுங்க" என்று அடம்பிடித்து வரிசையை நிறுத்தினார்.

என்னையும் விடவில்லை. பின்கட்டில் நான் நிறுக்கும்போது பக்கத்தில் வந்து குந்திக்கொள்வார்.

"வெண்ண ரெண்டு கிராம் கம்மியா இருக்கு."

"சரியாத்தான் அண்ணி இருக்கு."

"எறும்பத் தட்டிவுட்டுப் பாரு."

தட்டிவிட்டுப் பார்த்தால் குறைவாகத்தான் இருக்கும். இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் உலகத்தில் வேறு இருக்கிறதா? அவரே ஒரு பதார்த்தமும் கண்டுபிடித்தார். துருவிய தேங்காயை வெண்ணெயில் பிசைந்து, உப்பும் மிளகும் சேர்த்து, இறுக்கி உருட்டியது. அது கணக்குக்குள் வருகிறதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டு அளவு வாங்கிக் கொடுத்தேன். மகள் அதை விரும்பிச் சாப்பிட்டாள். நான் கண்டுபிடித்த எதையும் அவள் விரும்பியதில்லை என்பதை நாத்தனார் வாரத்துக்கு ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவார். அந்தத் தீபத்துக்குப் பிறகு, கார்த்திகை, பௌர்ணமி எதிலும் முட்டையைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அவரே உடைத்து ஊற்றினார்.

எல்லாம் நன்றாகப் போயிற்று என்று சொல்ல முடியாது. மலச்சிக்கலில் தினமும் அழுவாள். ஒருமுறை விலாவைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். சிறுநீரகத்தில் கல் என்றார்கள், சின்னதுதான், தண்ணீரும் மருந்தும் கொடுத்துக் கரைத்தார்கள். கூடப் படித்த பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போனார்கள், இவள் மட்டும் வளராமல், குள்ளமான பிள்ளைகள் நிற்கிற முதல் வரிசையிலேயே நின்றாள். இதையெல்லாம் பார்த்து, இந்தச் சாப்பாட்டை விட்டுவிடலாமா என்று கணவர் ஒருமுறை கேட்டார். பதில் சொல்வதற்கு முன், மகள் கடை வாசலில் நொண்டி விளையாடுவதைப் பார்த்தோம். ஒற்றைக் காலில். விழுந்து விழுந்து முகவாய் கிழிந்த பிள்ளை. அவர் கல்லாவுக்குப் போய்விட்டார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பலாம் என்றார் டாக்டரம்மா. தலை விழுவது அறவே நின்றிருந்தது. பெரிய வலிப்பு வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் பயந்தேன், ஆனால் தலையாட்டினேன். என்னோடு வந்திருந்த நாத்தனார் தலையாட்டவில்லை.

"நல்லா இருக்கற கொழந்தைக்கு எதுக்குங்க சோறு?" என்று டாக்டரம்மாவைக் கேட்டார்.

"காலம் பூரா இப்படியே இருக்க முடியாதும்மா. வளரணும்ல?"

"நாங்க பாத்துக்கறோம். உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சோறு கொடுக்கவில்லை என்று என்னை இரக்கமற்றவள் என்றவர், சோறு கொடுக்கச் சொல்கிற டாக்டரோடு சண்டை பிடிக்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மாதக் கணக்கில் எண்ணெயைக் குறைத்து, காயைக் கூட்டி, கடைசியில் ஒருநாள் இட்லிக்கு வந்தோம். முழு இட்லி இல்லை, ஒரு துண்டு. அதையும் நிறுத்துத்தான் வைத்தேன். அன்றைக்கு நான் லீவு போட்டிருந்தேன். கணவர் கடையை அடைத்திருந்தார். நாத்தனார் வாசற்படியில், எதற்கும் தயாராக, ஒரு துண்டையும் தண்ணீர்ச் சொம்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் அந்தத் துண்டை வாயில் போட்டு மென்றாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்படிடி இருக்கு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல, வெறும் மாவா இருக்கு" என்றாள். "இதுக்கு எண்ணெ ஊத்த மாட்டியா?"

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்றும், அடுத்த வாரமும். பிறகு காய்ச்சலின்போது ஒன்றிரண்டு முறை வலிப்பு வந்தது. ஒரு மாத்திரை மட்டும் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. படிப்பில் இழந்த வருஷங்களை அவளால் முழுக்கப் பிடிக்க முடியவில்லை. பத்தாவதைத் தட்டுத் தடுமாறித்தான் முடித்தாள். ஆனால் முடித்தாள்.

இதில் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. அவள் நன்றாகிவிட்டாள் என்று தெரிந்ததும் ஊரில் ஆளாளுக்குப் பங்கு கேட்டார்கள். சூப்பரிண்டெண்ட், தான் கொடுத்த விலாசத்தில் மந்திரித்ததால்தான் என்றார். நாங்கள் அங்கே போகவே இல்லை. எதிர் வீட்டுக்காரர், பௌர்ணமி தவறாமல் எங்கள் வாசலை மிதித்துப்போன அடியார்களின் ஆசீர்வாதம் என்றார். என் கணவரே ஒருநாள் கடைக்கு வந்தவரிடம், "நல்ல வெண்ணெங்க, நம்ம ஊரு மாட்டு வெண்ணெ, அதான் வேலை செஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் மட்டும் யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னார்.

"ரெண்டு வருஷம் அதுக்குச் சோறே போடலங்க. நானும் இவளும்."